காற்றடைத்த படகும் உள்பக்கமாகத் திறக்கும் கதவும்

துறைமுகத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் எந்தக் கப்பல் எந்தத் தளத்தில் நிற்க வேண்டும் என்று சொல்வதுதான் என் உத்தியோகம். கப்பலின் நீளம், அகலம், தண்ணீருக்குள் எவ்வளவு இறங்கி நிற்கும், என்ன சரக்கு, எல்லாம் என் மேசைக்கு வந்துவிடும். நிலக்கரிக்கும் மரத்தடிக்கும் கோதுமைக்கும் இடம் ஒதுக்கினேன். ஓய்வு பெற்ற அன்று கழுத்தில் மாலை போட்டு, வெள்ளி முலாம் பூசிய ஒரு நங்கூரத்தைக் கையில் கொடுத்தார்கள். அது இப்போது டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதுவும் கடலைப் பார்த்ததில்லை, நானும் அப்படித்தான். ஜன்னல் வழியாகப் பார்த்ததைக் கணக்கில் சேர்க்க மாட்டேன். ஒரு சின்னப் படகில் உட்கார்ந்து தண்ணீரில் கை வைத்தது கிடையாது. எங்களுடையது பனங்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த கடைக்காரக் குடும்பம். எங்களைப் பொறுத்தவரை கடல் என்பது சரக்கு வரும் வழி.

போன ஆண்டு என் நெஞ்சுக்குள் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். அதிலிருந்து என்னைத் தனியாக வெளியே விடுவது இல்லை. காலை நடைக்கு மனைவி கூட வருவாள். கடைக்குப் போனால் கூட வருவாள். நான் எங்கே நிற்கிறேன் என்பதை என் செல்போன் பெங்களூரில் இருக்கும் மகளுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். வீட்டில் எந்தக் கதவையும் தாழ்ப்பாள் போடக் கூடாது என்பது மகளின் உத்தரவு. குளியலறைக்கும் விலக்கு இல்லை. கைதிகளுக்குச் சில உரிமைகள் உண்டு, சட்டப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். அன்பாகப் பார்த்துக்கொள்ளப்படும் அப்பாக்களைப் பற்றி அந்தப் புத்தகத்தில் ஒன்றும் இல்லை.

தை மாதம் பொங்கலுக்கு வந்திருந்தபோது மகள் இன்னொன்றையும் முடிவு செய்தாள். மே மாத விடுமுறையில் வந்து எங்கள் இருவரையும் பெங்களூருக்கே கூட்டிப் போய்விடுவாள். பதினோராவது மாடியில் அறை தயார். ஆஸ்பத்திரி எதிர்த்த தெரு. தூத்துக்குடி வீட்டுக்கு வாடகைக்கு ஆள் பார்க்கச் சொல்லியாகிவிட்டது. இதையெல்லாம் அவள் சொல்லும்போது மனைவி அடுப்படியில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். நான் பேப்பரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆட்சேபணை தெரிவிக்காதவர் சம்மதித்தவராகக் கருதப்படுவார் என்று நானே எத்தனையோ குறிப்புகளில் எழுதியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் கடற்கரைப் பூங்காவில் நாங்கள் நடந்துகொண்டிருந்தோம். இரண்டு பையன்கள் முதுகுப் பையிலிருந்து ஒரு மூட்டையை எடுத்து விரித்து, பம்ப் வைத்து அடித்தார்கள். மூட்டை எழுந்து படகாகியது. கயாக் என்று சொல்லும் ஒடுக்கமான துடுப்புப் படகு. அதில் ஏறிப் போயே போய்விட்டார்கள்.

"கிறுக்குப் பயலுவ" என்றாள் மனைவி.

"ஆமா" என்றேன்.

அன்றே முடிவு செய்துவிட்டேன். மே மாதத்துக்குள் ஒரே ஒரு தடவை, தண்ணீர் மேல், தனியாக. வேறு எதுவும் வேண்டாம். இது மனைவிக்குத் தெரிந்தால் மகளுக்குத் தெரியும். மகளுக்குத் தெரிந்தால் மே மாதம் மார்ச்சிலேயே வந்துவிடும்.

முதலில் அனுமதி. இந்த ஊரில் கடல் முழுவதும் யாருக்காவது சொந்தம். துறைமுக எல்லைக்குள் நுழையக் கூடாது. தீவுகள் பக்கம் போனால் வனத்துறை. மீன்பிடிப் படகு என்றால் பதிவு வேண்டும், ஆள் ஏற்றினால் உரிமம் வேண்டும். என் படகோ இயந்திரம் இல்லாதது, மீன் பிடிக்காதது, சரக்கு ஏற்றாதது. எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் இல்லை. கேட்டுப் பார்க்கலாமே என்று கை துறுதுறுத்தது. ஆனால் ஒரு அலுவலகத்தில் இல்லாத விதியைப் பற்றிக் கேட்டால் அடுத்த வாரமே அந்த விதி உண்டாகிவிடும் என்று எனக்குத் தெரியும். நானே உண்டாக்கியிருக்கிறேன். அதனால் யாரிடமும் கேட்கவில்லை.

பிறகு படகைத் தேர்ந்தெடுக்கும் வேலை. குளியலறையில் உட்கார்ந்து, தாழ்ப்பாள் போடாமல், செல்போனில் படித்தேன். விலை குறைந்த படகுகளில் தரையே மெத்தை மாதிரி இருக்கும். ஆள் உட்கார்ந்ததும் நடுவில் தொய்ந்து வாழைப்பழம் போல் வளையும். நல்ல படகுகளில் தரையின் மேல்தட்டையும் கீழ்தட்டையும் உள்ளுக்குள் ஆயிரக்கணக்கான நூல்கள் இழுத்துப் பிடித்திருக்கும். அழுத்தமாகக் காற்றடித்தால் பலகை போல் நிற்கும். காற்று அறைகள் குறைந்தது மூன்று இருக்க வேண்டும், ஒன்று போனாலும் மற்றவை தாங்கும். பின்னால் அடியில் சுறாவின் முதுகில் இருப்பது போல் ஒரு தகடு மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் நேராகப் போகாது. மொத்தக் கனமும் நான் தூக்கக் கூடியதாக இருக்க வேண்டும். டாக்டர் கனமான எதையும் தூக்காதே என்றிருக்கிறார், எது கனம் என்று அவர் சொல்லவில்லை. நிறத்தில்தான் தடுமாற்றம். பாதுகாப்பு விதிப்படி தேடி வருகிறவர்களுக்குத் தெரியும்படி ஆரஞ்சு. என்னுடைய தேவையோ தேடி வருகிறவர்களுக்குத் தெரியாமல் இருப்பது. பச்சை வாங்கினேன்.

ஒற்றை இருக்கையா, இரட்டையா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஒற்றைதான். ஆனால் கணக்குப் போட்டபோது இடித்தது. தாங்கும் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது என் கொள்கை. என் எடை, பம்ப், தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்ந்தால் ஒற்றைப் படகில் அந்தக் கோட்டைத் தாண்டியது. ஆகவே இரட்டை. ஒரு இருக்கையைக் கழற்றிப் பரணில் போட்டுவிடலாம்.

வீட்டுக்குப் பார்சல் வரவழைக்க முடியாது. கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்யும் ஒருவர் எனக்குப் பழக்கம். பழைய சங்குக் கிடங்குகள் இருக்கும் கிட்டங்கித் தெருவில் கடை வைத்திருக்கிறார். முத்துக் குளித்த குடும்பம் என்று கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லுவார். தோணித்துறையில் நின்றாலே அவருக்குக் குமட்டும் என்பதையும் எல்லோரும் அறிவோம். அவர் விலாசத்துக்கு வரவழைத்தேன். மனைவி மத்தியானத் தூக்கத்தில் இருந்த நேரம் பார்த்துக் காரை எடுத்துக்கொண்டு போனேன்.

"அண்ணாச்சி, பேரப்பிள்ளைக்கா?" என்று பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"எனக்கு."

"உங்களுக்கா? ஒரு கப்பலுக்காவது ஏணி ஏறியிருக்கீயளா? கீழ நின்னுல்லா கையெழுத்துப் போடுவீய."

"நீரு முத்துக் குளிச்ச குடும்பம். தண்ணில முகமாவது கழுவுவீரா?"

"எங்க பாட்டன் எனக்கும் சேத்து முங்கிட்டாரு" என்று சிரித்தார். பிறகு உள்ளே போய் ஏதோ கப்பலிலிருந்து கழித்த இரண்டு மிதவைச் சட்டைகளைக் கொண்டுவந்தார்.

"ஒண்ணு போதும்" என்றேன்.

"ரெண்டாளு படகுன்னு பெட்டில போட்டிருக்கே அண்ணாச்சி."

அதற்கு விளக்கம் சொல்ல அலுப்பாக இருந்தது. இரண்டையும் வாங்கிக்கொண்டேன்.

பெட்டியைக் காரின் பின்பக்கத்தில் சில நாள் வைத்திருந்தேன். எந்தப் படகையும் சோதனை செய்யாமல் தண்ணீரில் இறக்கக் கூடாது. முழு அழுத்தத்தில் காற்றடித்து இரண்டு மூன்று மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். தளர்ந்தால் திருப்பி அனுப்ப வேண்டும், அதற்கும் காலக்கெடு உண்டு. மனைவி மாவு திரிக்கப் போகும் நாளுக்காகக் காத்திருந்தேன். மில்லில் எப்போதும் கூட்டம். திரித்துவிட்டுத் தன் மதினி வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு மத்தியானம்தான் வருவாள்.

அவள் தெருமுனை திரும்பியதும் படுக்கையறையில் ஏசியைப் போட்டு, எதிர்வீட்டுக்குத் தெரியாமல் திரையை இழுத்துவிட்டு, படகை விரித்தேன். அறையின் நீளத்தை முன்பே அளந்து வைத்திருந்தேன். படகு பீரோவுக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு சாண் மிச்சத்தோடு படுக்கும். கட்டிலுக்கு அந்தப்பக்கம் நின்று மெதுவாக, நெஞ்சைக் கவனித்துக்கொண்டே பம்ப் அடித்தேன். தரை கல்லாகியது. பக்கங்கள் உருண்டு எழுந்தன. படுக்கையறைக்குள் ஒரு பச்சைப் படகு. ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

அப்போது கரண்ட் போனது.

மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவார்கள். பேப்பரில் வந்திருந்தது, நானும் படித்திருந்தேன். கரண்ட் இல்லாவிட்டால் மில் ஓடாது, மில் ஓடாவிட்டால் மனைவி திரும்பி வருவாள் என்பதைத்தான் சேர்த்து யோசிக்கவில்லை. வாசலில் அவள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. வெளியே போய் ஏதாவது பேச்சுக் கொடுத்து அடுப்படிக்கு அனுப்பிவிடலாம் என்று எழுந்து கதவை இழுத்தேன். ஒரு சாண் திறந்து நின்றுவிட்டது.

எங்கள் படுக்கையறைக் கதவு உள்பக்கமாகத் திறக்கும். படகின் நீளத்தை அளந்தேன், அகலத்தை அளந்தேன், கதவு சுற்றி வருவதற்கு வேண்டிய இடத்தை அளக்கவில்லை. கப்பல் திரும்ப இடம் விடாமல் தளம் ஒதுக்கிய எவனாவது என்னிடம் சிக்கியிருந்தால் அவனுக்கு மெமோ கொடுத்திருப்பேன். காற்றைத் திறந்துவிட்டால் வெளியே போகலாம். ஆனால் அந்தச் சத்தம் தெருவுக்கே கேட்கும். கதவைச் சாத்திவிட்டு மூச்சுக் காட்டாமல் நின்றேன். அறை சூடாகிக்கொண்டிருந்தது. சூட்டில் படகு இன்னும் விறைத்தது.

"ஏங்க?" கதவு தள்ளப்பட்டு நின்றது. "ஏங்க! என்ன ஆச்சு? கதவத் தொறங்க!"

அவள் குரலில் ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்ட நடுக்கம் இருந்தது. பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"ஒண்ணும் ஆவல. நல்லாத்தான் இருக்கேன்."

"தாப்பா போட்டீயளா?"

"போடல."

"பின்ன ஏன் தொறக்க மாட்டேங்கு?"

"முன்னால ஒரு சாமான் கெடக்கு."

"என்ன சாமான்?"

"படகு."

கதவை இன்னொரு தடவை தள்ளிப் பார்த்தாள்.

"என்னது?"

"ஏளா, படகு. காத்தடைச்ச படகு."

"ரூமுக்குள்ள படகா? கரண்ட் போனதுல மூளைக்குக் காத்து பத்தலையா? நெஞ்சு வலிக்குதா? உண்மையச் சொல்லுங்க."

"வலிக்கல. கடல்ல போக வாங்குனது. காத்துப் புடிக்குதான்னு சோதிச்சேன். கதவ மறிச்சிட்டு."

"கப்பல நிறுத்துதேன் கப்பல நிறுத்துதேன்னு அம்புட்டு நாள் சம்பளம் வாங்குனீயளே, இத ஒண்ண நிறுத்தத் தெரியலையா?"

கதவில் சாய்ந்துகொண்டாள் போல. வளையல் உரசும் சத்தம் கேட்டது. திரும்பப் பேசியபோது குரல் இறங்கியிருந்தது.

"எத்தன பேரு போலாம் அதுல?"

"ரெண்டு பேரு."

"ரெண்டா?" பிறகு, "அப்ப எனக்கும் சேத்தா வாங்கினீய?"

ஆமா என்று சொல்லியிருக்கலாம். இரண்டு எழுத்து. கதவு நடுவில் இருந்தது, என் முகத்தை அவள் பார்க்கவும் முடியாது. ஆனால் கேட்ட கேள்விக்குச் சரியான விவரம் கொடுத்துப் பழகிய நாக்கு இது.

"இல்ல, எடைக் கணக்குக்காகப் பெருசா வாங்குனது. ஒரு சீட்டக் கழத்திருவேன்."

அடுப்படிப் பக்கம் காலடிச் சத்தம் போனது. நான் காற்றைத் திறந்துவிட்டேன். படகு ஒரு பெருமூச்சை நீளமாக விட்டுக்கொண்டே தரையில் படுத்தது. சோதனையும் பாழ், ரகசியமும் பாழ்.

சாளை மீன் குழம்பு வைத்திருந்தாள். தட்டில் சோற்றைப் போட்டாள். எண்ணெய் கூடாது, உப்பு கூடாது என்று வழக்கமாகச் சொல்லும் எதையும் சொல்லவில்லை. நான் இரண்டாவது தடவை குழம்பு ஊற்றிக்கொண்டேன், பார்த்துக்கொண்டிருந்தாள், தடுக்கவில்லை. அது எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

சாயங்காலம் மகளின் வீடியோ அழைப்பு வந்தது. இதோ சொல்லப் போகிறாள் என்று நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். மனைவி செல்போனை நங்கூரத்தில் சாய்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்:

"மே மாசம் எனக்கு டிக்கெட் போடாத. உங்கப்பாவ மட்டும் கூட்டிட்டுப் போ."

"ஏம்மா? என்னாச்சு?"

"அவருக்கு ஒரு சீட்டு போதுமாம். எனக்கும் ஒண்ணு போதும். அது இங்கன இருக்கு."

"என்னம்மா சொல்ற? அப்பா, அங்க என்ன நடக்குது?"

"ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

படகைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அழைப்பு முடிந்த பிறகு கேட்டேன்.

"நீ போகத்தான ஆசப்பட்ட?"

"நான் எப்பச் சொன்னேன்?"

"மாட்டேன்னும் சொல்லலையே."

"நீங்க சொன்னீயளா? பேப்பரப் புடிச்சிக்கிட்டு இருந்தீய. சரி, இவரு போகணும்னு நெனைக்காருன்னு நான் பேசாம இருந்தேன். பதினோராவது மாடில எனக்கு யாரு இருக்கா? மருமவன் அடுப்படில கால் வைக்க விடுவாரா?"

இத்தனை மாதமும் அவளை என் காவலர் என்றுதான் வைத்திருந்தேன். இப்போது பார்த்தால் அவளும் உள்ளேதான் இருக்கிறாள். அதோடு, நிலைமை எனக்கு முன்பைவிட மோசம். இருவரில் ஒருவரை மட்டும் வெளியூர்ச் சிறைக்கு மாற்றும் உத்தரவு. அங்கே என்னோடு சண்டை போடக்கூட ஆள் இருக்காது.

மறுநாள் காலை படகைக் கூடத்தில், எல்லாக் கதவையும் திறந்து வைத்துவிட்டு, ஊதினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே பார்த்தாள். முதல் இருக்கையை மாட்டினேன். பிறகு பையிலிருந்து இரண்டாவதை எடுத்து அதையும் மாட்டினேன். இழுத்துப் பார்த்தேன். உறுதியாக இருந்தது.

"நான் முன்னாலயா, பின்னாலயா?" என்று கீரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எடை கொறஞ்சவங்க முன்னால உக்காரணும்."

"அப்ப நீங்க முன்னால போங்க. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தப்பறம் எலும்புதான மிச்சம்."

பின்னால் உட்காருகிறவர்தான் திசை திருப்ப வேண்டும் என்பதை நான் சொல்லவில்லை. தானாகவே அவளுக்குத் தெரிந்துவிடும்.

நாளைத் தேர்ந்தெடுத்தது நான். ஞாயிற்றுக்கிழமை. இந்தக் கரையில் ஞாயிற்றுக்கிழமை ஒரு மீன்பிடி வள்ளமும் கடலுக்குப் போகாது. மொத்த ஊரும் மாதா கோயிலில் பூசையில் இருக்கும். யாரும் பார்க்க மாட்டார்கள், பார்த்த செய்தி யார் காதுக்கும் போகாது. இடத்தையும் நானே தேர்ந்தெடுத்தேன். பழையகாயல் பக்கம் உப்பளங்களைத் தாண்டினால், அலையாத்திச் செடிகளுக்கு நடுவே கடலுக்குப் போகும் ஓடை. ஆழம் குறைவு, அலை இல்லை. நீர் வற்றும் நேரமும் ஏறும் நேரமும் எனக்கு மனப்பாடம். கடலைக் கலக்கும் கச்சான் என்ற மேல்காற்று தொடங்க இன்னும் மாதங்கள் இருந்தன.

ஏறி உட்காரும்போது அவள் என் தோளைப் பிடித்து அழுத்தியதில் இருவரும் கவிழப் பார்த்தோம். பிறகு படகு நகர்ந்தது. அவ்வளவுதான், நகர்ந்தது. என் காலுக்கு அடியில் நூல்கள் இழுத்துப் பிடித்த தரையும் அதற்கு அடியில் தண்ணீரும். எனக்கு முன்னால் யாரும் இல்லை. ஒரு கொக்கு, அதற்கப்பால் ஓடை வாய், அதற்கப்பால் வெளிச்சம். அவள் என் முதுகுக்குப் பின்னால் இருந்ததால், அவள் பேசாதவரை, நான் கேட்டது எனக்குக் கிடைத்திருந்தது.

"வலப்பக்கம் போடுங்க. அதில்ல, சோத்துக்கை பக்கம். ஒரு கிழவன வச்சி வண்டி ஓட்டுத மாதிரி இருக்கு."

"நீ துடுப்பத் தலகீழாப் புடிச்சிருக்க."

"என் துடுப்ப நீங்க பாக்க முடியாது. முன்னால பாருங்க."

முன்னால் பார்த்தேன். ஓடை வாய்க்குக் கொஞ்சம் முன்பாகப் படகு எதையோ கடித்துக்கொண்டு நின்றது. துடுப்பால் உந்தினேன். கடிகார முள் போல் நின்ற இடத்திலேயே சுற்றியது. படகு தண்ணீரில் எவ்வளவு இறங்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அடியில் மாட்டிய தகட்டின் உயரத்தை அதில் சேர்க்கவில்லை. நீரோ வற்றிக்கொண்டிருந்தது. தகடு சேற்றில் இறுகிவிட்டது. இறங்கித் தள்ளலாம் என்றால் துடுப்பே முழங்கை ஆழம் உள்ளே போகிறது, சேறு முழுக்கச் சிப்பி ஓடு.

"யாரையாவது கூப்பிடுங்க" என்றாள்.

கூப்பிட ஆள் இல்லை. ஆள் இல்லாத நாளாகப் பார்த்துத்தானே வந்தது. தூரத்தில் எங்கோ ஒலிபெருக்கியில் பூசைப் பாட்டுக் கேட்டது. கரையில் வள்ளங்கள் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன.

இதைச் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். சிரித்துவிட்டாள். மிதவைச் சட்டை நெஞ்சை இறுக்கியதால் அந்தச் சிரிப்பு விக்கல் போல் வந்தது.

அப்போது அவள் கழுத்தில் பிளாஸ்டிக் உறையில் தொங்கிய செல்போன் அடித்தது. மகள்.

"அம்மா! எங்க இருக்கீங்க? ரெண்டு பேர் லொக்கேஷனும் தண்ணிக்குள்ள காட்டுது!"

"தண்ணிக்குள்ள இல்ல. தண்ணி பத்தாத எடத்துல இருக்கோம்."

"என்னது? அப்பா எங்க?"

"எனக்கு முன்னாலதான் இருக்காரு. முதுகு தெரியுது. நல்லாத்தான் இருக்காரு."

"அம்மா, விளையாடாத. இன்னைக்கு டிக்கெட் போடணும். அப்பாவுக்கு மட்டுமா, ரெண்டு பேருக்குமா? ஏதாவது ஒண்ணு சொல்லு."

பின்னால் துடுப்பை மடியில் எடுத்து வைத்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் படகு ஆடும் என்பதால் நான் திரும்பவில்லை. ஆட்சேபணை இருந்தால் இப்போதே சொல்ல வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

"யாருக்கும் போடாதம்மா" என்று முன்னால் பார்த்துக்கொண்டே உரக்கச் சொன்னேன். கொக்கு பறந்து போனது.

"கேட்டியா?" என்றாள் மனைவி செல்போனிடம். "உங்கப்பா சொல்லுதாரு. மத்தத தண்ணி ஏறட்டும், பொறவு பேசுதேன்."

அழைப்பை அணைத்துவிட்டாள். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. துடுப்பின் நுனியால் என் முதுகில் குத்தினாள்.

"ஏங்க, தண்ணி எப்ப ஏறும்?"

எனக்கு நேரம் தெரியும், நிமிடம் வரைக்கும்.

"தெரியலளா" என்றேன்.